பட்டம் எவ்வளவு தூரம் செல்லும்?

பாளையங்கோட்டைக்குத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று ஒரு சிறப்புப் பெயர் உண்டு. பொருநைக் கரையில் உள்ளவர்கள் அதைச் சொல்லிப் பூரிப்பதில் பிசகு ஒன்றுமில்லை. ஆனால் அவ்வூரில் பெற்ற பட்டத்துடன், அசல் ஆக்ஸ்போர்டு இருக்கும் சீமைக்குச் செல்பவருக்கு அங்கே என்ன மரியாதை கிடைக்கிறது என்பது வேறு விஷயம். இவ்வாரம் அதைச் சற்றே கவனிப்போம்.

1930-ம் ஆண்டில் பிரிட்டிஷ் ஜெனரல் மெடிகல் கவுன்சில், இந்திய சர்வகலாசாலைகளின் வைத்தியப் பட்டங்களுக்கு அளித்து வந்த அங்கீகாரத்தை நீக்கிவிட்டது. நம் மாணாக்கர்களுக்குப் பிரசவ வைத்தியத்தில் பயிற்சி போதாது என்பது நெடுநாளாக அவர்கள் கூறி வந்த குறை. அது உண்மையோ அல்லவோ, தீர்ப்புக் கூறும் அதிகாரம் முழுவதும் லண்டனில் இருந்ததே நம்மவர்களைச் சுட்டது. 1933-ல் இந்திய மெடிகல் கவுன்சில் சட்டம் பிறந்தது. சமமாக உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் பேச நமக்கும் ஒரு சபை ஏற்பட்டது.

சுயராஜ்யம் வந்த பிறகும் இந்தத் தொல்லை தீரவில்லை. 1975-ல் பிரிட்டன் மறுபடியும் கதவை மூடிற்று. ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி அப்போது பத்து வயதுக் குழந்தை, 1965-ல் தொடங்கியது. இன்றும் அங்கே தேறியவர்களில் சீமை செல்வோர் பெரும்பாலும் அந்நாட்டாரின் பரீட்சையை எழுதித்தான் தொழில் நடத்த முடியும்.

ஒருவரை ஒருவர் சுட்டு வீழ்த்திய ஐரோப்பிய தேசங்கள் இதே சிக்கலை அவிழ்த்த விதம் நோக்கத்தக்கது. 1997-ல் லிஸ்பன் நகரில், ஐரோப்பியக் கவுன்சிலும் யுனெஸ்கோவும் கூட்டாக ஓர் உடன்படிக்கை செய்வித்தன. அதன் உயிர்நிலை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. போர்ச்சுகல்லில் பட்டம் பெற்றவர் போலந்தில் மேற்படிப்புக் கேட்டால், 'உன் படிப்பு எங்கள் படிப்புக்கு ஈடு என்று நிரூபி' என அவரிடம் சொல்ல முடியாது. இரண்டுக்கும் கணிசமான வேற்றுமை உண்டென்று மறுப்பவரே காட்ட வேண்டும். காரணம் கூற வேண்டும். அப்பீலுக்கும் இடந்தர வேண்டும். பாரம் மாணாக்கன் தலையிலிருந்து சர்க்கார் தலைக்கு மாறியது சாமானியமான காரியமா? வைத்தியம் போன்ற தொழில்களுக்கு ஐரோப்பிய யூனியனில் தனிச் சட்டமே இருக்கிறது.

நமது சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2022-ல் பிரிட்டனுடன் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் ஒப்பந்தம் ஒன்று செய்தார்கள். ஆனால் வைத்தியம், எஞ்சினீயரிங், சட்டம், நர்ஸ் படிப்பு முதலியவை அதில் சேரவில்லை! இலையைப் போட்டுவிட்டுச் சோற்றை மட்டும் நிறுத்திக்கொண்ட விருந்து என்றே நமக்குத் தோன்றுகிறது.

எஞ்சினீயரிங்குக்கு வாஷிங்டன் ஒப்பந்தம் என்று வேறொன்று உண்டு. 2014-ல் இந்தியா அதில் பூரண அங்கத்தினராயிற்று. நம்மிடையே பலர் அறியாத சங்கதி இங்கேதான் இருக்கிறது. நமது தேசிய அங்கீகார வாரியம் கல்லூரிகளை இரண்டு தரமாகப் பிரித்திருக்கிறது. சொந்தப் பாடத்திட்டமும் சொந்தப் பரீட்சையும் நடத்தும் கல்லூரிகள் முதல் தரத்தில் அடங்கும். வெளிநாட்டு மதிப்பு அத்தரத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே. அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்தையும் பரீட்சையையும் பின்பற்றும் இணைப்புக் கல்லூரிகள் இரண்டாந் தரத்தில் வருபவை. அங்கே படிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் ஒப்பந்தம் அவரைத் தொடாது. இந்தக் கோட்டைக் கிழித்தவர் வெள்ளைக்காரர் அல்லர், நாமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரஷ்யாவிலும் ஜார்ஜியாவிலும் வைத்தியம் படித்துத் திரும்பும் நம் பிள்ளைகள் 2002 முதல் இங்கே ஒரு பரீட்சை எழுதுகிறார்கள், தேறுகிறவர் குறைவு. நோயாளியின் உயிரை உத்தேசித்து அப்பரீட்சையை நாம் ஆதரிக்கிறோம். அப்படியானால் பிரிட்டன் வைக்கும் பரீட்சையை மட்டும் அநீதி என்று கூவ நமக்கு வாயில்லை. நாம் கேட்கக் கூடியது லிஸ்பன் நியாயத்தையே: மறுப்பவர் காரணம் கூறட்டும்.

அதுவரை அம்பாசமுத்திரத்திலும் ஸ்ரீவைகுண்டத்திலும் நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை எஞ்சினீயரிங்கில் சேர்க்கும் தகப்பனார்கள், பணம் கட்டுமுன் கல்லூரி ஆபீஸில் ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்தப் படிப்பு முதல் தரமா, இரண்டாந் தரமா?" பதிலை எழுத்து மூலம் வாங்கிக்கொள்வது நலம்.