எக்காளமும் ஏளனமும்

குமாரபாளையத்தில் பேசப் போகிறவனுக்கு ஒலிபெருக்கி மட்டும் போதாது. நல்ல தொண்டையும் வேண்டும். ஊரையே முரசாக்கி இரவும் பகலும் ஒலிக்கின்றன விசைத்தறிகள். சென்ற திங்கள் அங்கே பேசச் சென்றிருந்தேன். தலைப்பு, இரும்பின் தொன்மை. கூட்டம் தொடங்குமுன் தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்தேன். நான் எழுதாத நாடகக் காட்சி ஒன்று அங்கே என் கண்ணெதிரே அரங்கேறிற்று. பாத்திரங்கள் இருவர். பெயர் கேட்கவில்லை. ஒருவரைப் பூரிப்பார் என்போம். மற்றவரைப் புளிப்பார் என்போம்.

பூரிப்பார்: அய்யாயிரத்து முந்நூறு ஆண்டு! உலகம் கல்லைத் தட்டிக்கொண்டிருந்த நாளிலே இரும்பை உருக்கியவன் தமிழன்! நம்மிடம் கற்ற பிறகுதான் மற்றவனெல்லாம் வாள் பிடித்தான்!

புளிப்பார்: நீர் கண்டீரோ? கரித்துண்டிலே தேதி எழுதி வைத்துவிட்டா செத்தான் உம் பாட்டன்? எல்லாம் அரசியல், அய்யா, அரசியல்!

நான்: அந்த ஆய்வு நூலைப் படித்தீர்களா?

பூரிப்பார்: படித்துத்தான் தெரியவேண்டுமோ தமிழனுக்கு?

புளிப்பார்: படிக்க அதிலே என்ன இருக்கப் போகிறது?

திரை!

சிரிக்கிறீர்கள், தோழர்களே. ஆனால் பூரிப்பார் கட்டியிருந்தது நம் கரைவேட்டி. ஆகவே பாதிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே படியுங்கள்.

2025 ஜனவரி 23 அன்று, சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ‘இரும்பின் தொன்மை’ எனும் நூல் வெளியிடப்பட்டது. எழுதியவர்கள் பேராசிரியர் கா. ராசனும் தொல்லியல் துறையின் இரா. சிவானந்தமும். தமிழ் நிலத்தில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு அறிமுகமாகிவிட்டது என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவ்விழாவில் அறிவித்தார். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 3345 என வந்தது. அனத்தோலியாவின் இட்டைட்டு மக்களே இரும்புக்கு ஆசான்கள், அதுவும் கி.மு. 13ஆம் நூற்றாண்டை ஒட்டி என்று பள்ளியில் படித்த தலைமுறைக்கு, இது சிறிய செய்தியா? பூரிப்பதில் பிழையில்லை. நானும் பூரித்தேன், அன்றிரவு மேடையில் பத்து நிமிடம் கூடுதலாகவே முழங்கினேன்.

முழங்கிய பிறகுதான் நூலைத் திறந்தேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். அதிலுள்ள அட்டவணைகள் எனக்கு எளிதில் வசப்படவில்லை. வேதியியல் அறிந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து விளக்க வேண்டியிருந்தது. கரியிலே யாரும் தேதி எழுதி வைப்பதில்லை, புளிப்பாரே. மரமே எழுதி வைக்கிறது! உயிரோடு நிற்கும் மரம், கார்பன்-14 என்னும் அணுவைக் காற்றிலிருந்து வரவு வைத்துக்கொண்டே இருக்கும். மரம் மாண்டதும் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நடக்கும். 5,730 ஆண்டில் கையிருப்பு பாதியாகும். மிச்சத்தை அளந்தால் மாண்ட காலம் தெரியும். இம்முறையைக் கண்ட லிப்பிக்கு 1960இல் நோபல் பரிசு தந்தார்கள்.

அளந்தது யார்? கரித்துண்டுகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பீட்டா ஆய்வகத்துக்குப் போயின. மாதிரிகள் லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்துக்கும், பானையோடுகளை ஒளியால் அளக்கும் முறைக்காக அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்துக்கும் சென்றன. பின்னிரண்டும் ஒன்றிய அரசின் துறைகளைச் சார்ந்தவை. “எல்லாம் அரசியல்” என்கிறவர், எந்த அரசின் அரசியல் என்றும் சொல்லிவிட வேண்டும் அன்றோ?

சிவகளை நமக்கு நெடுந்தொலைவு. மாங்காடு அப்படியன்று. குமாரபாளையத்துக் கரையில் நின்று, காவிரி வரும் வழியே மேலே போனால் மேட்டூர். அதனருகே இருக்கிறது மாங்காடு. அங்கே கிடைத்த இரும்பு வாளின் காலம் கி.மு. 16, 15ஆம் நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார்கள். நாம் குளிக்கும் ஆற்றின் கரையில் வாள் பிடித்தவன் இருந்தான், தோழர்களே! இதைக் கூட்டத்தில் சொன்னபோது எழுந்த கைதட்டலில் தறியோசையே அடங்கிற்று.

இனி, கைதட்டியவர்களுக்குக் கசக்கும் செய்தி. கரியின் காலம் என்பது மரம் மாண்ட காலம். முந்நூறு ஆண்டு நின்ற முதுமரத்தின் உள்வயிரத்தை எரித்திருந்தால், இரும்பைவிடக் கரி மூத்ததாகிவிடும். கரியும் இரும்பும் ஒரே நாளில் மண்ணுக்குள் போயினவா, அந்த இரும்பை உருக்கிய உலை எங்கே என்றெல்லாம் அறிஞர் கேட்பார்கள். அப்படிக் கேட்பவன் தமிழ்ப் பகைவன் அல்லன். அவனை ‘வந்தேறி’ என்று வசை பாடும் நம் இளைஞர் சிலரைக் கண்டு நான் வெட்கப்படுகிறேன். வேதத்தையே கேள்வி கேட்ட இயக்கம், தன் பெருமையைக் கேள்வி கேட்டால் தடியெடுப்பதா?

எகிப்தில் கெர்சே என்னுமிடத்தில் 5,000 ஆண்டுகளுக்கு முந்திய இரும்பு மணிகள் கிடைத்தன. ஆராய்ந்தபோது, அது விண்கல்லின் இரும்பு. உலையில் உருக்கியது அன்று என்று தெரிந்தது. எகிப்தியர் தீக்குளிக்கவில்லை. உத்தரப் பிரதேசத்து மல்ஹாரில் கி.மு. 1800 வாக்கிலேயே இரும்பு இருந்ததை 2003இல் இராகேஷ் திவாரி எழுதியதும், பழைய கணக்கு மாறிற்று. நாளை வேறொரு மண்ணில் சிவகளைக்கும் முந்திய இரும்பு கிடைத்தால், பூரிப்பார் என்ன செய்வார்? கரைவேட்டியை அவிழ்த்தா எறிவார்?

வெள்ளையன் கதையையும் கேளுங்கள். 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் மண்டையோடு ஒன்று கிடைத்தது என்றார்கள். ஆதி மனிதன் ஆங்கிலேயனே என்று ஏடுகள் எக்களித்தன. அய்யப்பட்டோர் இருந்தனர், எக்களிப்பில் அவர் குரல் எடுபடவில்லை. 1953இல் உண்மை வெளிப்பட்டது. மனித மண்டையோட்டுடன் குரங்கின் தாடையைச் சேர்த்து, பல்லை அராவி, சாயமும் ஏற்றியிருந்தார்கள்! நாற்பத்தொரு ஆண்டு ஒரு நாடே ஏமாந்தது. சிவகளையை அதனோடு ஒப்பிடவில்லை. இங்கே பல ஊர்களின் மாதிரிகள் பல ஆய்வகங்களுக்குப் போயிருக்கின்றன. பெருமிதம் கண்ணை எப்படிக் கட்டும் என்பதற்காகவே சொன்னேன்.

எக்காளத்தையும் ஏளனத்தையும்விடக் கொடியது ஒன்று உண்டு. கோப்பைத் திருப்பி அனுப்புவது! கீழடியில் 2014 முதல் இரண்டு பருவம் அகழ்ந்த அமர்நாத் இராமகிருஷ்ணன், 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் ஒன்றியத் தொல்லியல் துறையிடம் தந்தார். இரண்டாண்டுக்கு மேல் மௌனம். 2025 மே மாதம், காலக்கணிப்பு உள்ளிட்டவற்றைத் திருத்தித் தருக என்று கடிதம். அவர் மறுத்தார். அடுத்த மாதமே வேறிடத்துக்கு மாற்றப்பட்டார். இன்னும் அறிவியல் சான்று வேண்டும் என்றார் ஒன்றிய அமைச்சர்.

வேண்டும்தான்! யார் வேண்டாமென்றது? அறிக்கையை அப்படியே அச்சிடுங்கள். உங்கள் மறுப்பை அதன் பின்னே அச்சிடுங்கள். உலக அறிஞர் இரண்டையும் படித்துத் தீர்ப்புச் சொல்லட்டும். ஊர் படிக்காத ஏட்டை ஊர் எப்படிச் சோதிக்கும்? இதை வற்புறுத்தும் உரிமை, சிவகளை பற்றிய கேள்விகளுக்கும் செவி கொடுக்கிறவனுக்கே உண்டு. நம் பெருமையை மட்டும் கேள்விக்கு அப்பால் பூட்டி வைத்துவிட்டுத் தில்லியின் பூட்டைப் பற்றிப் பேசினால் எடுபடாது.

கூட்டம் முடிந்து இறங்கியபோது, நரைத்த தலையுடன் ஒரு நெசவாளர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒரு இழையை வெச்சுத் துணின்னு சொல்ல முடியாதுங்க. பாவுல எத்தனை இழைன்னு எண்ணிப் பார்த்துத்தான் நாங்க விலை பேசுவோம். சிவகளைக்கும் நம்ம மாங்காட்டுக்கும் நடுவுல ஆயிரத்து எண்ணூறு வருசம் கிடக்குதே. அதுக்கு இழை எங்கீங்க?”

ஆதிச்சநல்லூர் கி.மு. 2517, மயிலாடும்பாறை கி.மு. 2172 என்றேன்.

“ரெண்டு இழை” என்றார்.

மேடையில் ஒரு மணி நேரம் பேசிய எனக்கு அதற்கு மேல் விடை இல்லை. நூலின் படி ஒன்றை அவ்வூர்ப் படிப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஞாயிறு தோறும் மாலையில் உரக்கப் படிக்கப் போகிறார்கள். மாதிரிகளை எப்படி எடுத்தார்கள் என்ற பகுதியிலிருந்து தொடங்கவேண்டும் என்பது நெசவாளரின் விருப்பம். பூரிப்பார் வருவதாகச் சொல்லிவிட்டார். புளிப்பாரை அழைத்து வரும் பொறுப்பும் அவருடையதே.