மென்னோனைட் வீட்டில் பிறந்தால் மட்டும் போதாது: கனடா இளைஞர்கள் முன் இருக்கும் கேள்வி

குதிரை வண்டி, கறுப்பு உடை, கரண்ட் இல்லாத வீடு... கனடா மென்னோனைட்கள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இதுதான். ஆனா, அப்படி வாழ்றவங்க அந்தச் சமூகத்தில் சிறு பகுதியினர்தான். மற்றவர்கள் வின்னிபெக், வாட்டர்லூ போன்ற நகரங்களில் எல்லாரையும் போல வேலைக்குப் போகிறார்கள். இரு தரப்பு வீடுகளிலும் கேள்வி மட்டும் ஒன்றே: அடுத்த தலைமுறை சபைக்குள் வருமா?

யார் இவர்கள்?

1525-ல் சூரிச்சில் தொடங்கிய அனபாப்டிஸ்ட் கிறிஸ்தவ இயக்கத்தின் வழிவந்தவர்கள். நெதர்லாந்தின் மென்னோ சைமன்ஸ் பெயரால் அழைக்கப்படுகிறார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது; வளர்ந்தபின் அவரவரே கேட்டுப் பெற வேண்டும். ஆயுதம் ஏந்தக் கூடாது. இவை இரண்டும் அடிப்படை.

கனடாவுக்கு ஏன் வந்தார்கள்?

ராணுவ சேவை வேண்டாம், சொந்தப் பள்ளி நடத்தலாம் என 1873-ல் கனடா அரசு உறுதி தந்தது. அதை நம்பி அடுத்த ஆண்டு முதல் ரஷ்யப் பேரரசிலிருந்து சுமார் 7,000 பேர் மனிடோபாவில் குடியேறினர். 1916-ல் அந்த மாகாணம் ஆங்கிலவழிக் கல்வியைக் கட்டாயமாக்கியது. பிள்ளைகள் கைவிட்டுப் போயிடுவாங்களோ என்ற பயத்தில், 1920-களில் ஆயிரக்கணக்கானோர் மெக்சிகோ, பராகுவே நாடுகளுக்குக் கிளம்பினர்.

சரி, இளைஞர்களுக்கு என்ன சிக்கல்?

கொள்கைப்படி நம்பிக்கை தனிமனித முடிவு. நடைமுறையில் அது குடும்ப விஷயம். புதிதாகச் சந்திக்கும் இருவர் குடும்பப் பெயரை வைத்தே பொது உறவினரைக் கண்டுபிடிப்பதற்கு ‘மென்னோனைட் கேம்’ என்றே பெயர் உண்டு. பழமைவாதப் பிரிவுகளில் ஞானஸ்நானம் பெறாமல் சபையில் கல்யாணம் இல்லை. ஆக, ‘வேண்டாம்’ என்று சொல்ல நினைக்கும் இளைஞருக்கு வாழ்க்கைத் துணையும் கேள்விக்குறி. சபையை விட்டு விலக்கப்பட்டவர்களால் ஒரு குடும்பம் சிதறுவதைத்தான் மனிடோபாவின் ஸ்டெயின்பாக்கில் பிறந்த மிரியம் டேவ்ஸ் 2004-ல் நாவலாக்கினார். அதற்கு கவர்னர் ஜெனரல் விருதும் கிடைத்தது.

நவீன சபைகளில் இந்த அழுத்தம் குறைவு. ஆனா, அங்க பிரச்சினை வேற மாதிரி: வெளியேறுவது ரொம்ப சுலபம். வேலைக்காக ஊர் மாறியதும் சபையும் விட்டுப்போகிறது. 2001 சென்சஸில் சுமார் 1.91 லட்சமாக இருந்த மென்னோனைட்கள், 2011 கணக்கெடுப்பில் சுமார் 1.76 லட்சம்.

எது பிடித்து வைக்கிறது?

கோடை முகாம்கள், சேர்ந்து பாடும் பாட்டு, கூடவே சேவை. தனியார் குழுக்கள் பொறுப்பேற்று அகதிகளை அழைத்துவரும் திட்டத்தில், 1979-ல் கனடா அரசுடன் முதல் ஒப்பந்தம் போட்டது மென்னோனைட் மத்தியக் குழுதான். மாற்றமும் நடக்கிறது. தன்பாலினத் தம்பதிகள் விஷயத்தில் சபைகள் வெவ்வேறு முடிவு எடுக்க, மென்னோனைட் சர்ச் கனடா 2016-ல் இடம் கொடுத்தது. சிலருக்கு அது தாமதம். சிலருக்கு வரம்பு மீறல்.

கட்டாயப்படுத்தினால் ஆள் தங்கலாம். ஆனால், ‘கேட்டுப் பெறு’ என்ற அடிப்படையே போய்விடும். விட்டுவிட்டால் பிள்ளை திரும்பி வராமலும் போகலாம். அந்த ரிஸ்க்கை ஏற்பதாகத்தான் இந்தச் சமூகம் 500 ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது.