நீல ஒளியும் மஞ்சள் தூளும்



இரவில் திருச்சியின் காவிரிப் பாலத்தில் நின்று ஸ்ரீரங்கத்தை நோக்கினால், வெண்ணிற விளக்குகள் வரிசையாய் ஒளிர்கின்றன. அவ்வெண்மை பிறவியில் நீலம் என்பதை அறிவீர்களா?

எல்.இ.டி. விளக்கினுள் உள்ள சிறு சில்லு நீல ஒளியையே உமிழ்கிறது. ஜப்பானில் பிறந்த அறிஞர் மூவர் அதனைக் கண்டமைக்கு 2014இல் நோபல் பரிசு பெற்றனர். சில்லின்மேல் பூசிய தூள் நீலத்தின் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாகத் தருகிறது. இரண்டும் கலந்து வெண்மையாகின்றன. தூளை ஒளிரச் செய்வது சீரியம் என்னும் தனிமம். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலும் அது உண்டு.

ஆயினும் இவ்வொளியில் சிவப்பு குறைவு. முகங்கள் வெளிறித் தோன்றும். நீலம் மிகுந்த ஒளி இரவில் உறக்கத்தையும் தள்ளிப்போடும். யூரோப்பியம் கலந்த தூள் சிவப்பைச் சேர்க்கும். ஆனால் அதில் ஒரு பங்கு கண்ணுக்குப் புலப்படாமல் வீணாகும். மாங்கனீசு கலந்த ஃபுளூரைடுத் தூள் அக்குறையைத் தீர்க்கும், ஈரத்தில் கெடும். வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும் தூளை ஆய்வாளர் இன்றும் தேடுகின்றனர்.

ஆகவே, விளக்கு வாங்குகையில் வாட்டை மட்டும் பாராதீர்கள். பிள்ளைகள் உறங்கும் அறைக்கு, பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்றிருப்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். அகல்விளக்கில் பழகிய நம் கண்களுக்கு அவ்விதமான ஒளியே இதம் தரும்.