புரியாதது எல்லாம் குப்பையா?

லேப்டாப் பழுதாகிறது. கடையில் கொடுக்கிறார்கள். கடைக்காரர் விண்டோசை மறுபடியும் ஏற்றித் தருகிறார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், ஓர் அதிசயம்! முன்பு "சி", "டி" என்று இரண்டு டிரைவ்கள்தான் இருந்தன. இப்போது புதிதாக "இ" என்று ஒன்று நிற்கிறது. "இதில் இடம் இல்லை" என்று அடிக்கடி எச்சரிக்கை வேறு!

"இது எதற்கு? அழித்துவிடு!" என்கிறார் அப்பா. மகனும் அழிக்கப் போகிறான்.

இது சரியா? சரி அல்ல!

யார் வைத்தது?

அது வேண்டாத விருந்தாளி அல்ல. விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட அறை.

இப்படிச் சில அறைகள் உண்டு. ஒன்று, "இ.எப்.ஐ." பிரிவு. 100 எம்.பி. அல்லது அதற்குச் சற்று அதிகமாக இருக்கும். சுவிட்சை அழுத்தியதும் விண்டோசை எழுப்புவது இதுதான். இதை அழித்தால் விண்டோஸ் எழுந்திருக்காது!

இன்னொன்று, "ரெகவரி" பிரிவு. விண்டோஸ் படுத்துவிட்டால் தூக்கி நிறுத்தும் கருவிகள் இதில் இருக்கின்றன.

இவை வழக்கமாக மறைந்தே இருக்கும். சில சமயம் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு, வெளியே தெரிந்துவிடும். 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, பல கம்ப்யூட்டர்களில் இப்படித்தான் செய்தது. அந்தப் பிரிவு முன்பே இருந்ததுதான். கண்ணில் பட்டதுதான் புதிது!

லாபம் என்ன?

அழித்தால் எவ்வளவு இடம் கிடைக்கும்? சுமார் 500 எம்.பி. லேப்டாப்பில் இருப்பதோ 500 ஜி.பி. ஆயிரத்தில் ஒரு பங்குதான் லாபம்!

நஷ்டமோ பெரிது. அழிக்கும் இடத்தில் பிரிவுகள் வரிசையாக நிற்கும். கை தவறி "டி"யை அழித்துவிட்டால்? அக்காளின் கல்யாணப் படங்கள் போய்விடும். தம்பியின் கல்லூரிப் பாடங்களும் போய்விடும்.

என்ன செய்யலாம்?

பிரிவை அழிக்க வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் எழுத்தை மட்டும் நீக்கினால் போதும். "டிஸ்க்பார்ட்" என்ற கட்டளை அதைச் செய்யும். பிரிவு பழையபடி மறைந்துகொள்ளும். எச்சரிக்கையும் நின்றுவிடும். பழக்கம் இல்லாதவர்கள், தெரிந்தவரை வைத்துச் செய்வதே நல்லது.

உண்மையிலேயே வேண்டாத பழைய பிரிவும் இருக்கலாம். அதை அழிப்பதில் தவறு இல்லை. ஆனால், முதலில் அதில் உள்ளவற்றை வேறு டிரைவில் நகல் எடுக்க வேண்டும். நகலைத் திறந்து பார்க்க வேண்டும். பிறகுதான் அழிக்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "இன்ன இன்ன பிரிவுகள் இருக்கின்றன. இவற்றைத் தொடக் கூடாது" என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதித் தந்தால் என்ன? காசு வாங்குகிறவர்கள் இதையும் செய்யலாம் அல்லவா?

பூட்டிய அறை இருக்கிறது என்பதற்காக வீட்டை யாரும் இடிப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். லேப்டாப்புக்கும் அதே நியாயம்தான்!