"தெரியுதா?" என்று கேட்காதீர்கள்

பிள்ளைக்கு ஸ்டீரியோஸ்கோப் கிட் வாங்கலாமா, செல்போனை மாட்டிப் பார்க்கும் வி.ஆர். பெட்டி வாங்கலாமா என்று பழைய மாணவி ஒருவர் கேட்டிருந்தார். எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கிட்டையே வாங்குங்கள். தத்துவம் இரண்டிலும் ஒன்றுதான். பெட்டியில் பிள்ளைக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆனால் கிட்டோடு வரும் புகைப்படங்களை முதல் நாளே எடுத்து நீட்டாதீர்கள்.

உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. வெட்டிய அட்டை, இரண்டு குவிலென்ஸ், நடுவில் நிற்கும் ஒரு தடுப்பு. பிள்ளையே மடித்து ஒட்டட்டும். (பசை காயும்வரை பொறுமையாக உட்காரவைப்பதுதான் பெரும்பாடு!) ஒட்டும்போதே அந்தத் தடுப்பு எதற்கு என்று கேளுங்கள். இடது கண் இடப்பக்கப் படத்தையும் வலது கண் வலப்பக்கப் படத்தையும் மட்டுமே பார்க்க வேண்டும், அதற்குத்தான். நம் கண்களுக்கு இடையே ஏறக்குறைய 6 செ.மீ. இடைவெளி. ஒரே பொருளை இரண்டும் சற்று வேறுவேறாகப் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்திலிருந்து மூளை ஆழத்தைக் கண்டுகொள்கிறது. சார்லஸ் வீட்ஸ்டன் 1838-ல் லண்டனில் இதை விளக்கியபோது, புகைப்படம் என்ற ஒன்றே உலகுக்கு அறிவிக்கப்படவில்லை. அது மறு ஆண்டுதான். அவருக்கு இரண்டு கண்ணாடிகளும் வெறும் கோட்டுப் படங்களும் போதுமாக இருந்தன.

நம் பிள்ளைகளுக்கும் அதுவே போதும். 4 செ.மீ. அகலத்தில் இரண்டு வட்டம், மையத்துக்கு மையம் 6 செ.மீ. தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சின்ன வட்டம். சின்ன வட்டங்கள் இரண்டையும் ஒன்றை ஒன்று நோக்கி 2 மி.மீ. நகர்த்தி வரைந்தால், கருவியில் அது முன்னால் வந்து மிதக்கும். எதிர்ப்பக்கம் நகர்த்தினால் குழிக்குள் போய்விடும். இரண்டு வகையிலும் சில அட்டைகள் செய்து கலைத்துவிடுங்கள். ஒரு பிள்ளை வரைந்ததை இன்னொரு பிள்ளை பார்க்கட்டும்.

இவ்வளவு எதற்கு என்றால், "தெரியுதா?" என்று கேட்டால் வகுப்பு முழுக்க "தெரியுது டீச்சர்" என்றுதான் சொல்லும். பக்கத்தில் இருப்பவன் வாயைப் பிளந்தால் இவனும் பிளப்பான். புகைப்படத்தில் மரம் முன்னால், கோபுரம் பின்னால் என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டுகூடச் சொல்லிவிடலாம். வட்டங்களில் அந்தச் சலுகை கிடையாது. "முன்னாலா, பின்னாலா?" என்று கேளுங்கள். பதில் வந்துவிடும்.

சில பிள்ளைகளுக்கு எத்தனை முறை பார்த்தாலும் பதில் வராது. கண்ணாடி போடுகிற பிள்ளை என்றால் போட்டுக்கொண்டு பார்க்கட்டும், அட்டை கோணலா என்றும் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள். மாறுகண்ணோ, சோம்பல் கண்ணோ இருக்கலாம். நல்ல கண் ஒன்று எல்லா வேலையையும் பார்த்துக்கொள்வதால் கரும்பலகையைத் தடங்கலின்றிப் படிக்கும். பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்த பிள்ளைக்குத் தனக்குக் குறை இருப்பதே தெரியாது. இந்த அட்டை வைத்தியம் சொல்லாது. கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சோம்பல் கண்ணுக்குச் சிறு வயதில் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம். அடுத்த லீவுக்கு ஆகட்டும் என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே கூட்டிப் போங்கள்.