ஆர்க்கிட் இலையில் புள்ளியா? மருந்துக்கு முன் தொட்டுப் பாருங்கள்!

“வீட்டு மாடியில் ஆறு ஃபெலனாப்ஸிஸ் ஆர்க்கிட் செடிகள் வைத்திருந்தோம். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் ஒரு செடியின் இலையில் பழுப்பு நிறப் புள்ளி வந்தது. கடையில் கொடுத்த பூஞ்சணக்கொல்லியை இரண்டு முறை தெளித்தும் பத்தே நாளில் செடி அழுகிவிட்டது. இப்போது இன்னொரு செடியிலும் புள்ளி தெரிகிறது. மீதிச் செடிகளைக் காப்பாற்ற முடியுமா?”

- ஒரு வாசகி, நாகர்கோவில்.

முடியும். ஆனால், மீண்டும் மருந்து தெளிப்பதற்கு முன்பாகப் புள்ளி எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். பூஞ்சணம், பாக்டீரியா, வைரஸ், வெயில் என நான்குமே ஆர்க்கிட் இலையில் புள்ளியை உண்டாக்கும். பூஞ்சணத்துக்கான மருந்து பெரும்பாலும் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தாது. மழைக்காலத்தில் வந்து, பத்து நாளில் செடியையே அழுகவைத்தது என்றால், அது பாக்டீரியா அழுகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். புள்ளியை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். வெந்நீர் பட்டது போலக் கொழகொழவென்று இருந்தால், அழுத்தும்போது நீர் கசிந்தால், நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா. காய்ந்து, சற்றே குழிந்து, வளையம் வளையமாகவோ நடுவில் கறுப்புப் பொட்டுகளுடனோ இருந்தால் பூஞ்சணம். வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளுத்துப்போய், பிறகு காய்ந்து, பரவாமல் நின்றுவிட்டால் அது வெயில் காயம். மருந்தே தேவையில்லை, இடத்தை மாற்றினால் போதும். புது இலைகளிலும் கோடுகளும் வளையங்களும் திரும்பத் திரும்ப வந்தால் வைரஸாக இருக்கலாம். வைரஸுக்கு மருந்து கிடையாது. அந்தச் செடியை அப்புறப்படுத்துவதுதான் மற்றவற்றுக்குப் பாதுகாப்பு.

சந்தேகமாக இருந்தால், புள்ளியின் ஓரத்தைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். ஓரிரு நாளிலேயே புள்ளி கோட்டைத் தாண்டிப் பெருகினால், காத்திருக்கக் கூடாது. ஃபெலனாப்ஸிஸுக்கு ஒரே ஒரு குருத்துதான். அழுகல் அதைத் தொட்டுவிட்டால் பெரும்பாலும் செடி பிழைக்காது.

பாக்டீரியா என்று தெரிந்தால் செய்ய வேண்டியவை: முதலில் அந்தச் செடியைத் தனியாகப் பிரித்து வையுங்கள். பிளேடை நெருப்பில் காட்டி ஆறவைத்து, புள்ளிக்கு அப்பால் நல்ல பகுதியில் 2 சென்டிமீட்டர் சேர்த்தே வெட்டி எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை மறுபடி நெருப்பில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நோயை நாமே பரப்பியது போலாகிவிடும். புள்ளி குருத்தை நெருங்கியிருந்தால் இலையை முழுதாக எடுத்துவிடலாம். வெட்டிய இடத்தில் மட்டும் லவங்கப்பட்டைத் தூளைத் தடவுங்கள். வேரில் பட்டால் வேர் காய்ந்துவிடும். பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து இலையின் இருபுறமும் தெளிக்கலாம். பூ இருக்கும்போது தெளிக்க வேண்டாம். டென்ட்ரோபியம் வகைக்குத் தாமிர மருந்து ஆகாது. இலையும் குருத்தும் கருகும்.

பூஞ்சணம் என்றால், பாதித்த பகுதியை இதேபோல வெட்டி எடுத்துவிட்டு, லிட்டருக்கு 2 கிராம் மாங்கோசெப் கலந்து தெளித்தால் போதும். எந்த மருந்தாக இருந்தாலும் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, குழந்தைகள் இல்லாத இடத்தில் தெளிக்க வேண்டும்.

இவை எல்லாம் வந்தபின் செய்யும் வைத்தியம். வராமல் தடுப்பது தண்ணீர் ஊற்றும் முறையில்தான் இருக்கிறது. காட்டில் ஆர்க்கிட் மரத்தின் மேல் ஒட்டி வளர்கிறது. மழையில் நனைந்தாலும் காற்று சீக்கிரமே உலர்த்திவிடும். மாடியில் சுவரை ஒட்டி நெருக்கமாக வைத்த தொட்டிகளுக்கு அந்தக் காற்று கிடைப்பதில்லை. இலை நனைந்தபடியே இரவைக் கழித்தால் நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டது போல.

அதனால் தொட்டிகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். காலை 10 மணிக்குள் வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். குருத்தில் தண்ணீர் தேங்கினால் பஞ்சால் ஒற்றி எடுங்கள். மழைக்காலத்தில் நிழல்வலை மட்டும் போதாது. மழைநீர் நேரடியாக விழாதபடி மேலே பாலித்தீன் விரிப்பும் வேண்டும். தொட்டியில் மண் கூடாது. கரித்துண்டு, ஓட்டுத்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவையே ஏற்றவை. மட்டை மட்கிக் கூழாகிவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

புள்ளி விழுந்த இலை பழையபடி பச்சையாகாது. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி தெளிக்க வேண்டாம். புள்ளி பெருகாமல் நின்று, அடுத்த இலை சுத்தமாக வந்தால் செடி தப்பித்துவிட்டது என்று அர்த்தம்.