இந்த டிசம்பரில் டிக்கெட் வாங்குங்கள்: ஜொகூர் பாரு தமிழர்களுக்கு உள்ளூர்க் கலைஞர்களின் வேண்டுகோள்

2025 டிசம்பர் 27, சனிக்கிழமை. கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் விஜய்யின் ‘ஜன நாயகன்’ இசை வெளியீடு. ஜொகூர் பாருவிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். கார், பஸ், அந்த மாதம் 12-ஆம் தேதிதான் இரு நகரங்களுக்கும் இடையே ஓடத் தொடங்கியிருந்த மின்ரயில் என்று எதில் இடம் கிடைத்ததோ அதில் ஜொகூர் ரசிகர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 87 ஆயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கில் கூட்டம் அலைமோதியது. “ஃப்ரீ பாஸ் இருக்கா?” என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதே விடுமுறையில் ஜொகூர் பாருவில் உள்ளூர்க் கலைஞர்கள் ஒரு நாடக, இசை மாலை நடத்தினார்கள். டிக்கெட் 20 ரிங்கிட். திரை விலகியபோது மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி. பிரமுகர்களுக்கென்று வெள்ளைத் துணி போட்டு வைத்திருந்த முன்வரிசையில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை. வந்தவர்களிலும் பலர் இலவச அனுமதியில் வந்தவர்கள். அந்த மாலையை நடத்திய நாடகக்காரர்கள், இசைக்குழுவினர், நடன ஆசிரியைகள், அவர்களோடு நின்ற பெற்றோர்கள் ஆகியோர்தான் இப்போது இந்த வேண்டுகோளை ஊர் முன் வைக்கிறார்கள். இவர்கள் பதிவு பெற்ற சங்கம் அல்ல, இவர்களுக்குத் தலைவரும் இல்லை, பொருளாளரும் இல்லை. கடன் மட்டும் இருக்கிறது.

விஜய் மீதோ, அவரைப் பார்க்கப் போனவர்கள் மீதோ இவர்களுக்கு வருத்தம் கிடையாது. குழுவில் இருக்கும் இளைஞர்களில் சிலரே புக்கிட் ஜாலிலுக்குப் போய்த் தொண்டை கட்டித் திரும்பியவர்கள்தான். நட்சத்திரக் கச்சேரி என்றால் நூறு, இருநூறு, முந்நூறு ரிங்கிட் என்று கணக்குப் பார்க்காமல் எடுக்கிற கை, உள்ளூர் மேடை என்றதும் ஏன் பாக்கெட்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது என்பதுதான் கேள்வி.

உள்ளூர் நிகழ்ச்சி எதை அறிவித்தாலும் மறுநாள் போன் வரும். உரையாடல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்.

“அண்ணே, சனிக்கிழமை உங்க நாடகமாமே? ஒரு நாலு பாஸ் எடுத்து வைங்க.”

“பாஸ் இல்லப்பா, டிக்கெட்தான். இருபது வெள்ளி.”

“நமக்குள்ள என்னண்ணே டிக்கெட்டு? கைதட்ட ஆள் வேணாமா?”

இப்படிக் கேட்ட ஒருவரின் வாட்ஸ்அப் முகப்பில் அப்போது இருந்த படம், புக்கிட் ஜாலில் மேடையைப் பின்னணியில் வைத்து அவர் எடுத்துக்கொண்ட செல்ஃபி.

இந்த ஃப்ரீ பாஸ் வழக்கத்தைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 400 பேர் அமரும் மண்டபத்தில் 100 பேர் பாஸில் வந்தால் போகிற தொகை 2,000 ரிங்கிட். மலேசியாவில் இன்று ஒரு தொழிலாளிக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். “நமக்குள்ள என்ன” என்ற உரிமையில் ஒரே மாலையில் ஒரு தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகை கரைந்துபோகிறது. மண்டபக்காரர் வாடகையில் ‘நமக்குள்ள’ பார்ப்பதில்லை. ஒலி, ஒளிக்காரரும் பார்ப்பதில்லை. மேடையில் நான்கு சினிமாப் பாட்டு பாடினால் அதற்குக் காப்புரிமைக் கட்டணம் வேறு. உடை, ஒப்பனை, மிருதங்கக்காரருக்குப் போக்குவரத்து என்று பட்டியல் நீளும். கடைசியில் எதுவும் வாங்காமல் போகிறவர் நடிகர்தான்.

அந்த நடிகர் யார் என்பதையும் ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். மாசாயிலோ ஸ்கூடாயிலோ குடியிருப்பவர். விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்து, பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, பத்து மணிக்கு ஒத்திகைக்கு வருகிறவர். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருகிற பெண்ணும் அதே மேடையில்தான் நிற்கிறார். இரண்டு மாதம் இப்படி ஒத்திகை பார்த்த வசனத்தைக் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆள் இல்லாத ஊர் என்றால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜொகூரின் மக்கள்தொகை 40 லட்சம். அதில் இந்தியர் ஏறத்தாழ 6.6 விழுக்காடு, அதாவது இரண்டரை லட்சம் அளவில். ஆயிரத்துக்கு இரண்டு பேர் வந்தாலே 400 இருக்கை மண்டபம் வழிந்துவிடும். அந்த இரண்டு பேர்தான் வரவில்லை.

டிசம்பரில் இந்த நகரம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டும். பேரங்காடிக்குள்ளே மூன்று மாடி உயரத்தில் கிறிஸ்துமஸ் மரம், மேலிருந்து சோப்பு நுரையில் பனி. பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள், பெற்றோர் போட்டோ எடுப்பார்கள், பிறகு சாப்பாட்டுக் கடை வரிசை. 2012 செப்டம்பரில் திறந்த லெகோலேண்ட் இருக்கிறது, தேசாரு கடற்கரை நீர் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. 1928-இல் தொடங்கிய ஜொகூர் விலங்குப் பூங்காவும் புதுப்பிக்கப்பட்டு 2023-இல் மீண்டும் திறந்துவிட்டது. கொண்டாட்டத்துக்குக் குறைவில்லை. அதில் தமிழ் ஒலிக்கிற மணிநேரம் எத்தனை என்று கேட்டால்தான் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கிறது.

அந்த விழாக்களில் பலவற்றின் கண் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் இரகசியமல்ல. 2024 டிசம்பர் 20 அன்று மட்டும் சிங்கப்பூரின் இரண்டு தரைவழிச் சோதனைச் சாவடிகளையும் 5 லட்சத்து 60 ஆயிரம் பேர் அளவில் கடந்தார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது வியாபாரி யாரைக் கூப்பிடுவார்? புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையிலான ஆர்டிஎஸ் ரயில் 2027 ஜனவரி 1-க்குள் ஓட வேண்டும் என்று இரு நாட்டு அரசுகளும் நாள் குறித்திருக்கின்றன. நான்கு கிலோமீட்டர் தூரம், ஐந்து நிமிடப் பயணம், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர். அவர்கள் வந்து இறங்கும் நகரத்தில் தமிழ் மேடை என்று ஒன்று இருக்குமா, இருக்காதா என்பதை ரயில் முடிவு செய்யாது. இங்கே குடியிருப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தப் பக்கத்து ரசிகர்களைப் பார்த்தும் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். சிங்கப்பூர் எஸ்பிளனேட் அரங்கில் 2002 முதல் ‘கலா உற்சவம்’ இந்தியக் கலை விழா ஆண்டுதோறும் நடக்கிறது. ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிப் போய், சிங்கப்பூர் வெள்ளியில் டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு, “நம்ம ஊர்ல இப்படி ஒண்ணும் நடக்க மாட்டேங்குது” என்று ஆதங்கப்படுகிறவர்கள் உண்டு. நம்ம ஊரில் நடந்தது. அவர்கள்தான் வரவில்லை.

தூரத்து உதாரணமே வேண்டாம். ஜாலான் துருஸ் பழைய சீனக் கோயிலின் சிங்கே ஊர்வலத்தை ஜொகூர் பாருவில் பார்க்காதவர் யார்? தியோச்சியூ, ஹொக்கியன், கன்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று ஐந்து குலத்தார் ஆளுக்கொரு சாமியைச் சுமந்து சீனப் புத்தாண்டின் முதல் மாதத்தில் நகரை வலம் வருகிறார்கள். நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம். 2012-இல் தேசிய மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டு நட்சத்திரம் யாரும் வந்து அதைத் தூக்கி நிறுத்தவில்லை. பல்லக்குத் தூக்குவதற்கு இளைஞர்கள் வருகிறார்கள், செலவைச் சமூகம் ஏற்கிறது. தமிழர்களுக்கும் இது தெரியாத வித்தை அல்ல. கோயில் திருவிழா அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுப்பவர்கள் ரசீதுகூடக் கேட்பதில்லை. அந்தத் தாராளத்தில் இருபது ரிங்கிட் மட்டும் கலைக்கு வந்தால் போதும் என்கிறார்கள் இவர்கள்.

இந்த மண்ணுக்கு அப்படி ஒரு பழைய பாடமும் உண்டு. 1952-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிவைத்த தமிழர் திருநாள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பரவியபோது, அதற்கு உயிர் கொடுத்தவர்கள் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள். நாடகம், பேச்சு, விளையாட்டு எல்லாம் அவர்களே நடத்தி அவர்களே பார்த்தவை. பிறகு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோதும் ஆளுக்கு ஒரு வெள்ளி என்றுதான் கேட்டார்கள். பால்மரம் வெட்டியவர்கள் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் கார் நிறுத்தக் கட்டணம் கட்டிவிட்டு வந்து வாசலில் நின்று பாஸ் கேட்கிறார்கள்.

உள்ளூர்ச் சரக்கில் தரம் இல்லை என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி வெளிவந்த ‘ஜகாட்’ படத்தைப் பற்றியும் முதலில் இப்படித்தான் தயங்கினார்கள். அடுத்த ஆண்டு 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை வாங்கியது அந்தத் தமிழ்ப் படம்தான். எல்லா உள்ளூர்ப் படைப்பும் ‘ஜகாட்’ ஆகிவிடாது. சில நாடகங்கள் இழுக்கும், சில பாட்டுகள் சுருதி விலகும். அதை மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறோம் என்பதே குழுவின் பதில்.

பிரமுகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏழு மணி நிகழ்ச்சிக்கு எட்டேகாலுக்கு வந்து, மாலை வாங்கி, இருபது நிமிடம் பேசி, முதல் காட்சி முடிவதற்குள் எழுந்து போகும் பழக்கம், குழு இந்த டிசம்பரில் மீண்டும் நடத்தவிருக்கும் நிகழ்ச்சியில் செல்லாது. திரை சொன்ன நேரத்தில் விலகும். முன்வரிசையில் பெயர் ஒட்டிய நாற்காலி கிடையாது. டிக்கெட் எடுத்தவர் எந்த வரிசையிலும் உட்காரலாம்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் பள்ளி நாள்காட்டி. 2022-இல் பள்ளித் தவணை மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போனபின் சுருங்கியிருந்த டிசம்பர் விடுமுறை, தவணை மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டதால் 2026-இல் பழையபடி நீள்கிறது. டிசம்பர் 5 முதல் மாதக் கடைசிவரை பிள்ளைகள் வீட்டில்தான். மாநிலத்தில் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் கைப்பேசிக்கு வெளியே, கண்ணெதிரே ஒரு தமிழ் நாடகத்தைப் பார்த்திருப்பார்கள்? மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒப்பனை வியர்வையில் கரைவதைப் பார்த்து, வசனத்துக்குச் சிரித்த பிள்ளைதான் நாளை மேடையேறும். அந்தப் பிள்ளையை அழைத்து வருவது பெற்றோரின் வேலை. மண்டபம் வரை பஸ் ஏற்பாடு செய்வது பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்குப் பெரிய காரியமல்ல. கோயில் நிர்வாகங்கள் அறிவிப்புப் பலகையில் ஒரு சுவரொட்டி ஒட்ட இடம் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

மாநகர் மன்றத்திடம் குழு கேட்பது ஒன்றே ஒன்று: ஆண்டிறுதி விழாப் பட்டியலில் தமிழ் நிகழ்ச்சிக்கு ஒரு நாள். அந்தக் கோரிக்கைக் கடிதம் தனியே போகிறது. ஆனால் காலி மண்டபத்தின் படத்தைக் காட்டி எந்த அதிகாரியிடமும் எதையும் கேட்க முடியாது.

ஆகவே ஜொகூர் பாரு, இஸ்கந்தர் புத்திரி, பாசிர் கூடாங் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றும் இந்த விடுமுறையில் ஒரேயொரு உள்ளூர்த் தமிழ் நிகழ்ச்சிக்கு, எந்தக் குழு நடத்துவதாக இருந்தாலும் சரி, காசு கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும் என்று இவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். வசதி உள்ளவர்கள் கூடுதலாக ஒன்று எடுத்தால் அது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குப் போகும். பாஸ் வேண்டும் என்று வரும் போன்களுக்கு இனிப் பதில் இல்லை. மாமன், மச்சான், பழைய வகுப்புத் தோழர், யாராக இருந்தாலும் சரி.

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. ஒரு வாரம் கழித்து, 15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, குழு மீண்டும் கூடி விற்ற டிக்கெட்டுகளை எண்ணும். பாதி இருக்கைகளாவது விற்றிருக்காவிட்டால் மண்டபத்தின் முன்பணத்தை இழந்தாலும் பரவாயில்லை, டிசம்பர் நிகழ்ச்சியை ரத்து செய்வது என்று முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு “ஊரில் தமிழ் நிகழ்ச்சியே இல்லை” என்று யாரும் வருத்தப்பட உரிமை இருக்காது. டிக்கெட் 20 ரிங்கிட். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் 10.